சித்தப்பாவின் கணிப்பொறியும் மலைப்பாம்பும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பைதான் என்றால் மலைப்பாம்பு என்பதை யாரோ எங்கள் அப்பத்தாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்று முதல், "எங்க வீட்டுப் பிள்ளைக ரெண்டும் ராத்திரி பத்து மணி வரைக்கும் பாம்பைப் புடிச்சுப் பெட்டிக்குள்ள விடப் பாக்குதுக, அது உள்ள போவேனாங்குது" என்று எதிர்வீட்டு ஆச்சியிடம் அலுத்துக்கொள்வது அவர் வழக்கமாயிற்று. அவர் சொன்னதில் பாம்பு மட்டுமே பிழை. உள்ளே போகமாட்டேன் என்றது முற்றிலும் உண்மை.

அன்புத் தோழியரே, இந்தப் பைதான் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் ஒரு மொழி. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் என்பவர் 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கி, 1991இல் உலகுக்கு அளித்தார். பெயரும் பாம்பினால் வந்ததன்று. 1969இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றிய 'மான்டி பைதான்' என்னும் நகைச்சுவைக் குழுவின்மீது அவருக்கிருந்த பிரியத்தினால் வந்தது. 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பாதிக்கு மேல் இந்த மொழிதான். எங்களில் மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு, இளையவள் பத்தாம் வகுப்பு. ஆகவே, மூத்தவளின் செய்முறைத் தேர்வுக்காகத்தான் இந்த வேலை எங்கள் வீட்டில் தொடங்கியது. பிறகு அது வேறொன்றாக முடிந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கணிப்பொறி எங்களுடையதன்று. அது எங்கள் சித்தப்பாவுடையது. திருமங்கலத்தில் அவர் சிறிய அளவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னறையில் படம் எடுப்பார். பின்னறையில் இதே கணிப்பொறியில் கலியாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீசு எல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பார். கப்பலூர், கள்ளிக்குடி, செக்கானூரணி என்று சுற்றுவட்டாரத்தில் அவர் போகாத விசேட வீடு குறைவு. 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் காலமானார். ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டார்கள். கணிப்பொறி மட்டும் சித்தியின் வீட்டுப் பரண்மேல் பழைய சேலை போர்த்தியபடி இருந்தது. சென்ற கோடை விடுமுறையில் சித்தி, "பிள்ளைக படிப்புக்காவது ஆகட்டும் மாமா" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். டி.வி.எஸ். 50-இல் அப்பா முன்னால் பெட்டியையும், பின்னால் அமர்ந்த இளையவள் மடியில் திரையையும் வைத்துக்கொண்டு பழங்காநத்தம் வந்து சேர்ந்த காட்சியைத் தெருவே நின்று பார்த்தது.

கொடுக்கும்போது சித்தி ஒன்று சொன்னார். "பாப்பா, உள்ள படமெல்லாம் இருக்கு. அவரு படமும் இருக்கு. பத்திரம்."

இருந்தன. ஏறத்தாழ 180 ஜி.பி. அளவுக்கு. ஊரார் கலியாணங்கள் மட்டுமன்று. அவருடைய கலியாணம், எங்கள் இருவரின் காதுகுத்து, தாத்தா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பாடிய பாட்டு, அதற்குச் சித்தப்பா பின்னாலிருந்து சிரிக்கும் குரல். வேறெங்கும் இவற்றுக்கு நகல் இல்லை. அத்தனையும் கொள்ளும் வன்தட்டு ஒன்று வாங்க நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று அப்பா விசாரித்து வந்தார். அந்த மாதம் பள்ளித் திறப்புச் செலவு இருந்தது. "தீபாவளி போனசு வரட்டும்" என்றார்.

இனி நிறுவிய கதை.

முதல் தடை தேதி. கணிப்பொறியைப் போட்டதும் வலது மூலையில் 2011 ஜனவரி 1 என்று காட்டியது. காட்டிவிட்டுப் போகட்டும் என்றிருந்தோம். அம்மாவின் கைப்பேசியைக் கம்பி வழியே இணைத்து இணையத்தைத் திறந்தால், எந்தத் தளமும் பாதுகாப்பற்றது என்று மறுக்கப்பட்டது. காரணம் பிறகுதான் விளங்கிற்று. ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்று ஒன்றைக் காட்டுகிறது. அதில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். ஜூன் மாதம் தொடங்கும் பஸ் பாசை ஜனவரியில் காட்டினால் கண்டக்டர் என்ன செய்வார்? இறக்கிவிடுவார். 2011இல் நின்றுகொண்டிருக்கும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றுகள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. தேதியைக் கையால் திருத்தினோம், வேலை நடந்தது. இரவு மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் காலையில் போட்டால் மறுபடியும் 2011.

பெட்டிக்குள்ளே நாலணாக் காசு போல ஒரு பட்டன் செல் இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். இத்தனை ஆண்டுகளில் அது உயிரை விட்டிருந்தது. அப்பா மின் இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். செல்லின்மேல் சி.ஆர். 2032 என்று அச்சிட்டிருந்தது. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடமே அது கிடைத்தது. கூட்டல் குறி மேலே தெரியும்படி பொருத்தியதும் கணிப்பொறி நிகழ்காலத்துக்கு வந்தது. நாற்பது ரூபாய்ச் செலவு.

இரண்டாவது தடை பெரியது. பைதான் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்திற்குப் போனால் மஞ்சள் நிறத்தில் பெரிய பொத்தான் இருந்தது. ஆகப் புதிய பதிப்பு வரும் என்று அதை அழுத்தினோம். வந்தது. ஆனால் இந்த விண்டோஸில் நான் ஏறமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிட்டது. சித்தப்பாவின் கணிப்பொறியில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கான பராமரிப்பை 2020 ஜனவரி 14உடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் போட்டுப் பார்த்த ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். "இதெல்லாம் ஆகாதுண்ணே. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் பத்து போட்டுட்டா எல்லாம் ஓடும். எண்ணூறு ரூபா குடுங்க, சாயங்காலம் வாங்கிக்கங்க."

"படமெல்லாம் இருக்கே?" என்று மூத்தவள் கேட்டாள்.

"டி டிரைவுல இருக்கும், அது போகாது."

டி டிரைவ் என்பதே அதில் இல்லை. சித்தப்பாவின் வன்தட்டு பிரிக்கப்படாத ஒரே நிலம்; வீடும் கிணறும் வயலும் அதிலேயே. அழித்தால் அனைத்தும் போகும். இதைத் திரையில் காட்டியதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப வேற ஹார்டு டிஸ்க்கு வாங்கிட்டு வாங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை. நாள் முழுவதும் வரிசையாக வரும் பெட்டிகளில் யாருடைய சித்தப்பா இருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அன்று பெட்டியை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பள்ளியில் எங்கள் கணினி வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அருட்சகோதரியிடம் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பிழை என்று அது சொன்னது?" என்பது. "ஏதோ பழசு என்றது, சிஸ்டர்" என்றோம். "ஏதோ என்றா சொன்னது? அது சொன்ன சொற்களை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். புள்ளி, எண் ஒன்றும் விடக்கூடாது. டாக்டரிடம் போய் 'ஏதோ வலிக்கிறது' என்றால் அவர் என்ன மருந்து கொடுப்பார்?" அன்றிலிருந்து நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று கணிப்பொறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதுவரை பதினொரு பிழைகள் அதில் ஏறியுள்ளன.

அந்த நோட்டும் சகோதரியும் சேர்ந்து வழி காட்டினார்கள். புதியது ஏறாது என்றால், ஏறக்கூடியவற்றில் கடைசி எது என்று தேட வேண்டும். 2020 அக்டோபரில் வந்த பைதான் 3.9 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய 3.8 வரிசையில் விண்டோஸுக்கென ஆயத்தமாக வெளியிட்ட கடைசிப் பதிப்பு 3.8.10. அது வெளிவந்தது 2021 மே மாதம். அந்த மாதத்தின் பெயரைத் தளத்தில் படித்தபோது எங்களில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதிலும் இரண்டு வகை உண்டு: 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று. 'கம்ப்யூட்டர்' என்னும் சின்னத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் நம்முடையது எது என்று தெரிந்துவிடும். சித்தப்பாவுடையது 32. நல்ல வேளையாக அங்கேயே 'சர்வீஸ் பேக் 1' என்றும் எழுதியிருந்தது. அது இல்லாவிட்டால் 3.8-உம் ஏறாதாம். ஏறக்குறைய 27 எம்.பி. கொண்ட கோப்பை இறக்கி ஓட விட்டோம். பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து முடிந்தது. அப்பத்தா எட்டிப் பார்த்து, "போயிருச்சா?" என்றார். "போயிருச்சு அப்பத்தா" என்றோம்.

போனது, ஆனால் படம் எடுக்கவில்லை. திறந்தால், இன்ன கோப்பைக் காணவில்லை, ஆகவே தொடங்க முடியாது என்றது. அந்தக் கோப்பின் பெயர் தேர் வடம் போல நீளம்: ஏ.பி.ஐ., எம்.எஸ்., வின், சி.ஆர்.டி., ரன்டைம், எல்1, 1, 0 என்று போய் டி.எல்.எல். என்று முடியும். சகோதரியின் கட்டளைப்படி எழுத்து எழுத்தாக நோட்டில் ஏற்றினோம். நிரல்கள் பலவும் பொதுவாகக் கையாளும் சில அடிப்படை வேலைகளை விண்டோஸே செய்து கொடுக்கிறது. அம்மி, ஆட்டுக்கல், உலக்கை போன்ற பொதுச் சாமான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பைதான் எதிர்பார்க்கும் அம்மி பழைய விண்டோஸில் இல்லை. அதை மட்டும் தனியாகத் தரும் ஒரு சிறு திருத்தம் கே.பி. 2999226 என்னும் எண்ணில் உள்ளது. அதிலும் 32 பிட்டுக்கு உரியதைத் தேடி நிறுவியதும் பிழை மறைந்தது. இதே பெயருள்ள டி.எல்.எல். கோப்பைத் தனியே தருகிறோம் என்று அழைக்கும் தளங்கள் இணையத்தில் ஏராளம். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பண்டத்தை வாங்கித் தின்னக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது இதற்கும் பொருந்தும் என்று சகோதரி எச்சரித்தார்.

அடுத்து ஒரு வேடிக்கை. கறுப்புத் திரையில் 'பைதான்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், அப்படியொரு கட்டளையே எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. நிறுவும்போது முதல் பக்கத்தின் அடியில் 'பாத்' என்னும் பட்டியலில் சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அது குறியில்லாமல்தான் வரும். நாம்தான் குறியிட வேண்டும். பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் குறியிட்டே நிறுவியிருந்தோம். பிறகு ஏன்?

பாத் என்பதை மதுரைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வரிசையாக இருக்கின்றன அல்லவா? ஒருவர் பெயரை மட்டும் சொல்லித் தேடி வரச் சொன்னால், தேடுகிறவன் கையிலுள்ள பட்டியலில் எந்தெந்த வீதி எழுதியிருக்கிறதோ அந்தந்த வீதியில் மட்டும் வரிசையாகப் போய்ப் பார்ப்பான். பட்டியலில் இல்லாத வீதியில் அவர் குடியிருந்தால், அப்படி ஒருவர் ஊரிலேயே இல்லை என்று திரும்பி வந்துவிடுவான். பைதான் குடியேறிய வீதி பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் கறுப்புத் திரை நிறுவுவதற்கு முன்பே திறந்து வைத்தது. அதன் கையில் இருந்தது பழைய பட்டியல்! அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்ததும் பாம்பு படமெடுத்தது. மூன்று அம்புக்குறிகள் வரிசையாக நின்று என்ன வேண்டும் என்று கேட்டன. இவ்வளவு எளிதான தீர்வுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இளையவளின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இறுதிப் பாடத்தில் வரும் ஸ்கிராட்ச் மட்டும் கடைசி வரை ஏறவில்லை. அதன் இன்றைய பதிப்பு விண்டோஸ் 10-க்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாது. அதைப் பள்ளியில் செய்துகொள்வதென்று விட்டுவிட்டோம்.

மூத்தவள் பாடநூலின் செய்முறைகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். இளையவளுக்குத் தமிழில் ஏதாவது செய்ய ஆசை. கறுப்புத் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. பைதானோடு சேர்ந்து வரும் 'ஐடில்' என்னும் வெள்ளைத் திரையில் நன்றாகவே தெரிந்தது. 'மதுரை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதானைக் கேட்டோம். ஐந்து என்றது. மறுபடியும் கேட்டோம், ஐந்துதான். மறுநாள் தமிழம்மாவிடம் சொன்னபோது, "அதற்கு எழுத்தியல் தெரியாது. நன்னூல் வாங்கிக் கொடு" என்றார். உண்மையில் பைதான் எண்ணியது வேறொன்றை. உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளுக்கும் மட்டுமே உண்டு. ஆகவே ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற முறையும் உண்டு. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் அதையும் சேர்த்தே தரமாக அறிவித்தது. ஆனால் கைப்பேசி முதல் கணிப்பொறி வரை நாம் அன்றாடம் காண்பது யூனிகோடுதான்.

இந்தச் சிறு விளையாட்டுத்தான் எங்களைச் சித்தப்பாவின் கணக்கிற்குக் கொண்டுபோய்விட்டது.

படங்களுக்கு நடுவில் 'ஏசி' என்ற பெயரில் ஓர் உறை இருந்தது. அதற்குள் இருநூற்றுக்கு மேற்பட்ட சிறு சிறு எழுத்துக் கோப்புகள். திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. குப்பை என்றே நினைத்திருப்போம். ஆனால் சித்தப்பா பத்திரிகை அடிக்கும் 'பாமினி' என்னும் எழுத்துருவை மூத்தவள் தேர்ந்தெடுத்தவுடன் அத்தனையும் தமிழாயின. "கள்ளிக்குடி கலியாணம், ஆல்பம் 2, முன்பணம் 3000, பாக்கி 4500" என்று மாதவாரியாகக் கணக்கு. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று தெரியாமல், இறந்தவர் பேரைச் சொல்லி யாரிடமும் போய் நிற்க மனமில்லாமல், தையல் மெஷினை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் சித்தி, அந்தக் கணக்கு ஒரு நோட்டில் இருக்கும் என்று வீடெல்லாம் தேடியவர். கணக்கு பரண்மேல் சேலைக்கு அடியில் இருந்திருக்கிறது.

ஒரு கோப்பைச் சித்தியின் கைப்பேசிக்கு அனுப்பினோம். "என்ன பாப்பா, இங்கிலீசா வருது?" என்றார்.

இதற்குக் காரணம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் உருவத்தை மட்டும் மாற்றித் தமிழ் வேடம் போட்டவை. 'தமிழ்' என்ற சொல் கணிப்பொறிக்குள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கும். ஜே என்பதற்குத் 'த' உருவம், கே என்பதற்கு 'ம' உருவம். அந்த எழுத்துரு இருக்கும் இடத்தில் தமிழ். இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் சித்தியின் கைப்பேசியில் தெரியும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாதா என்றால், போதாது. பாமினியில் 'பெ' என்று எழுத, தமிழ்த் தட்டச்சுப் பொறியில் போல, முதலில் கொம்பு, பிறகு 'ப'. யூனிகோடில் முதலில் 'ப', பிறகு கொம்பு. 'பொ' என்றால் முன்னும் பின்னும் நிற்கும் இரண்டையும் எடுத்து ஒன்றாக்க வேண்டும். இருநூறு கோப்பையும் ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டி மாற்ற எத்தனை நாளாகும்?

இந்த வேலைக்கென்றே தமிழர் சிலர் ஒரு தொகுப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஓப்பன் தமிழ்' என்பது அதன் பெயர். 2007 முதல் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கி வந்த முத்தையா அண்ணாமலை முதலான தன்னார்வலர்களின் உழைப்பு அது. (எழிலில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பவையும் கட்டளைச் சொற்களே.) பைதானில் 'பிப்' என்னும் பணியாளிடம் பெயரைச் சொன்னால் இணையத்திலிருந்து அவனே கொண்டுவந்து வைத்துவிடுவான். சொன்ன அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. மறுநாள் அம்மாவின் கைப்பேசியில் அலை இல்லை. மூன்றாம் நாள் கைப்பேசியை மாடிப்படியில் உயரமாக வைத்து, கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு இளையவள் நின்றாள். தொகுப்பு வந்து சேர்ந்தது. 'மதுரை'யில் எத்தனை எழுத்து என்று அதனிடம் கேட்டோம். மூன்று என்றது! இதற்கு நன்னூல் தெரியும்.

மூத்தவள் எழுதிய நிரல் இருபது வரிகூட இல்லை. உறையைத் திற, ஒவ்வொரு கோப்பாகப் படி, மாற்று, புதிய கோப்பில் எழுது. படித்தது, மாற்றியது, எழுதும்போது நின்றுவிட்டது. நோட்டில் பதினோராவது பிழை இதுதான்: 'சார்மேப்' என்னும் அட்டவணையில் இந்த எழுத்துகளுக்கு இடமில்லை என்றது. எந்த முறையில் எழுதுவது என்று நாம் சொல்லாதபோது, விண்டோஸின் பழைய அட்டவணையைப் பைதான் எடுத்துக்கொள்கிறது. மேலைநாட்டு எழுத்துகளுக்கான அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே கிடையாது. 'யு.டி.எஃப். 8' என்று ஒரு சொல் கூடச் சேர்த்ததும் கோப்புகள் மளமளவென்று வந்து விழுந்தன. பழைய கோப்புகளைத் தொடவே இல்லை. புதியவை தனி உறையில். படங்கள் இருக்கும் பக்கம் நிரல் எட்டியும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சித்தி வந்தார். எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தோம். அடுக்களைப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்திப் படித்தார். பாக்கிகளை எல்லாம் கூட்டிக் காட்டவும் நிரல் எழுதியிருந்தோம். நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல் வந்தது. சித்தி அந்தத் தொகையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெயர்களையே பார்த்தார். "இவுகளும் அந்த மாசமே போயிட்டாக. இந்த வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுறவரு, விடு. இந்தப் பொண்ணு கலியாணம் நின்னு போச்சு." இப்படியே அடித்துக்கொண்டு வந்து கடைசியில் ஆறு வீடுகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அவற்றில் இரண்டு வீட்டார் இதற்குள் பணம் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டார் பணத்தோடு, எங்கள் கலியாண ஆல்பத்தின் படங்கள் இன்னும் இருக்கின்றனவா என்றும் கேட்டனுப்பினார்களாம். அவர்கள் வீட்டு நகலை மழைவெள்ளம் கொண்டுபோய்விட்டதாம். இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினோம்.

முதலில் வந்த பணத்தில் சித்தி வாங்கியது ஒரு வெளி வன்தட்டு. அப்பாவின் தீபாவளி போனசுக்குக் காத்திருக்கவில்லை. 180 ஜி.பி. படங்களும் நகலாக ஓர் இரவும் ஒரு பகலும் ஆயின. பழைய விண்டோஸுக்குப் பராமரிப்பு இல்லாததால், இனி அந்தக் கணிப்பொறியை வேலையின்றி இணையத்தில் விடுவதில்லை என்று அப்பா சட்டம் போட்டிருக்கிறார். செய்முறைத் தேர்வுப் பயிற்சிக்கு இணையம் வேண்டியதில்லை. மூத்தவள் நாள்தோறும் ஓட்டிப் பார்க்கிறாள்.

ஒன்பது கோப்புகள் மட்டும் மாறவில்லை. அவை 2008ஆம் ஆண்டுத் தேதியிட்டவை. இந்தக் கணிப்பொறிக்கும் மூத்தவை. பாமினியில் தெரியவில்லை, பெட்டியிலுள்ள வேறு எழுத்துருக்களிலும் தெரியவில்லை. இன்ன எழுத்துரு என்று தானே ஊகிக்கும் வசதி ஓப்பன் தமிழில் உண்டு. அதன் ஊகமும் பலிக்கவில்லை. கலியாணத்துக்கு முன் சித்தப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த காலத்து எழுத்தாக இருக்கும் என்று சித்தி சொல்கிறார். அந்த அச்சகம் இப்போது இல்லை. எந்த வரியிலும் எண்கள் இல்லாததால் அவை கணக்காக இருக்க முடியாது என்பது மூத்தவளின் கட்சி. வரியின் இறுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறி 'ம்' ஆக இருக்கலாம் என்று இளையவள் சொன்னாள். வைத்துப் பார்த்ததில் பொருந்துகிறது. கோடு போட்ட நோட்டின் பின்பக்கத்திலிருந்து அட்டவணை எழுதிக்கொண்டு வருகிறோம். இதுவரை முப்பத்தொரு குறிகள் தெரிந்துவிட்டன.